தூங்கும்போதும் நடந்துகொண்டிருந்த கை

நானே கட்டிய, அசைவைப் பதியும் மணிக்கட்டுப் பட்டையிலிருந்து போன வாரம் கழற்றிய மெமரி கார்டில்தான் முதல்முறையாக ஓட்டை இல்லாத ஏழு நாள் பதிவு கிடைத்தது. ஏழு நாளும் என் இடது மணிக்கட்டு நொடிக்கு நொடி எப்படி அசைந்தது என்ற கணக்கு. இதற்கு முன் நான்கு முறை முயன்று, நான்கு விதமாகக் கோட்டை விட்டேன். எங்கெங்கே சறுக்கினேன் என்பது மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

வாங்கிக் கட்டிக்கொள்ளும் வாட்ச் போதாதா என்றால், எனக்குப் போதவில்லை. அது இன்று 7,412 காலடி என்று சொல்லும். அந்த எண்ணுக்கு எப்படி வந்தாய் என்று கேட்டால் வாயைத் திறக்காது. ஆராய்ச்சிக்காரர்கள் வேறு வழியில் போகிறார்கள். பிரிட்டனின் யுகே பயோபேங்க் ஆய்வில் 2013 முதல் 2015 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏஎக்ஸ்3 என்ற சின்னக் கருவியை மணிக்கட்டில் ஏழு நாள் கட்டிக்கொண்டார்கள். அதில் திரை கிடையாது, அடி எண்ணிக்கை கிடையாது. நொடிக்கு 100 முறை மூன்று திசை முடுக்கத்தை எழுதி வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. மற்றதெல்லாம் பிறகு கணினியில். உள்ளே இருப்பது ஒரு முடுக்கமானி, ஒரு மெமரி, ஒரு கடிகாரம், ஒரு பேட்டரி. இதை நாமே கட்ட முடியாதா என்ற நப்பாசையில் ஆரம்பித்தது.

முதல் பட்டை: மூன்றரை மணி நேரம்

கையில் ஏற்கெனவே கிடந்த, வைஃபை உள்ள இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் போர்டு, முடுக்கத்தை அளக்கும் ஓர் எம்பியு-6050 சென்சார், 150 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. ஒரே மாலையில் சாலிடர் வைத்து, நிரல் எழுதி, மேசைமேல் ஆட்டிப் பார்த்தால் திரையில் மூன்று வண்ணக் கோடுகளும் துள்ளின. அன்றைக்கு வந்த சந்தோஷம் அப்புறம் பல வாரத்துக்கு வரவில்லை.

காலையில் கட்டினேன், மதியத்துக்குள் செத்துவிட்டது. வைஃபையை அணைத்த பிறகும் அந்தப் போர்டு பல பத்து மில்லி ஆம்பியர் குடிக்கிறது. இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருக்க வேண்டும்: ஏழு நாள் என்றால் 168 மணி. 150-ஐ 168-ஆல் வகுத்தால் 0.89. சராசரியாக 0.9 மில்லி ஆம்பியருக்குள் எல்லாமே ஓடியாக வேண்டும். காகிதத்தில் ஒரே வரி. அதைப் போடாமல் ஒரு மாலையை வீணடித்தேன்.

அந்த மூன்றரை மணி நேரப் பதிவிலேயே இன்னொரு தப்பும் தெரிந்தது. நுணுக்கம் கூடட்டும் என்று சென்சாரை ±2 ஜி வரம்பில் வைத்திருந்தேன் (1 ஜி என்பது புவியீர்ப்பின் அளவு). படியில் ஓடி இறங்கிய இடத்தில் வரைபடத்தின் உச்சிகள் எல்லாம் கத்தியால் சீவியது போல ஒரே மட்டத்தில் நின்றன. உண்மையான உச்சி 3 ஜியா 5 ஜியா என்று இனித் தெரிந்துகொள்ள வழியே இல்லை. உட்கார்ந்திருக்கும் ஆளை அளக்க 2 ஜி தாராளம்; ஓடுகிற ஆளுக்குப் பற்றாது. அதற்குப் பிறகு எல்லாப் பதிவும் ±8 ஜியில்தான்.

இரண்டாவது: மின்சாரத்தைத் தேடிப் பிடித்தல்

இந்த முறை பட்டையை இயக்கும் மூளைக்கு 8 மெகா ஹெர்ட்ஸில், 3.3 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகா328 சிறு போர்டு. சென்சார் எல்ஐஎஸ்3டிஎச், நொடிக்கு 50 அளவீடு எடுக்கும்போது இது 11 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும் என்கிறது தயாரிப்பாளரின் டேட்டாஷீட். நேரத்துக்கு டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப், சேமிக்க மைக்ரோ எஸ்டி கார்டு. 100 ஹெர்ட்ஸ் வேண்டாம், 50 போதும் என்று முடிவு செய்தேன். நடை என்பது நொடிக்கு இரண்டு அடிதான். அதற்கு 50 தாராளம்.

மல்டிமீட்டரைத் தொடரில் போட்டால் எண் ஓரிடத்தில் நிற்பதில்லை. சிப் தூங்குகிறது, விழிக்கிறது, கார்டு எழுதும்போது குபீரென்று எகிறுகிறது. சராசரியைக் கண்ணால் பிடிக்க முடியாது. கடைசியில் நாட்டு வைத்தியம்தான்: பேட்டரியை முழுக்க ஏற்றி, சாகும்வரை ஓடவிட்டு, மணி நேரத்தால் வகுத்தேன். 48 மணி நேரம். அதாவது 3.1 மில்லி ஆம்பியர்.

எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். மூளைப் போர்டில் ஒரு பவர் எல்இடி. சாலிடர் முனையால் தட்டி எடுத்தேன். கடிகார மாட்யூலில் இன்னொரு எல்இடி, அதுவும் போனது. அதே மாட்யூலில் பட்டன் செல்லுக்கு சார்ஜ் ஏற்றும் ஒரு ரெசிஸ்டர் இருந்தது. சார்ஜ் ஏறாத சாதாரண சிஆர்2032 போடுபவர்கள் அதைக் கட்டாயம் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் செல் உப்பிவிடும். கடிகாரத்துக்கு எப்போதும் மின்சாரம் தருவதும் தேவையில்லை என்று புரிந்தது. மூளையின் ஒரு காலிலிருந்தே அதற்கு மின்சாரம் தந்து, நேரம் படிக்கும்போது மட்டும் எழுப்பினால் போதும். மீதி நேரம் பட்டன் செல்லில் அது பாட்டுக்கு ஓடும்.

இவ்வளவு செய்தும் 2 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கவில்லை. மெமரி கார்டை மாற்றியதும் சட்டென்று விழுந்தது. என்னிடமிருந்த மூன்று கார்டில் ஒன்று எழுதி முடித்த பிறகும் தூங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறது. மேலே அச்சிட்ட வேகத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, போட்டுத்தான் பார்க்க வேண்டும். நல்ல கார்டோடு சராசரி 0.7-க்கு வந்தது. பட்டை எட்டு நாள் தாங்கியது. மொத்தத்தில் சென்சாருக்கு ஆன செலவைவிடக் கார்டுகளுக்கு ஆனதுதான் அதிகம்.

மூன்றாவது: காணாமல் போன அளவீடுகள்

ஓர் அளவீட்டுக்கு 6 பைட்: மூன்று அச்சு, அச்சுக்கு இரண்டு. கார்டு எழுதுவது 512 பைட் தொகுதியாக. 85 அளவீடு போட்டால் 510; மீதி இரண்டு பைட்டில் தொகுதி வரிசை எண் போட்டேன். 65,536 தொகுதிக்கு ஒரு முறை எண் பூஜ்யத்துக்குத் திரும்பும், அதற்கு ஏறக்குறைய 31 மணி நேரம் ஆகும். எந்தத் தொகுதி விட்டுப்போனாலும் வரிசை எண் காட்டிக்கொடுத்துவிடும். நூறு தொகுதிக்கு ஒரு முறை, ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்கு ஒன்று, தனியாக ஒரு தலைப்புத் தொகுதி: நேரம், வெப்பநிலை, பேட்டரி வோல்ட். இந்த அமைப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

சரிபார்க்க, மணிக்கு ஒரு முறை பட்டையை மேசையில் மூன்று தட்டுத் தட்டினேன். பதிவில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே 1,80,000 அளவீடு இருக்க வேண்டும். முதல் மணியில் 1,68,900. அடுத்ததில் 1,70,400. அதற்கடுத்து 1,67,700. வரிசை எண்ணோ ஒன்றுகூடத் தவறவில்லை!

இரண்டு தப்பு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. பிரித்தெடுக்க இரண்டு வாரம் ஆனது.

முதலாவது, சென்சார் சிப்புக்குள் 32 அளவீடு பிடிக்கும் ஃபைஃபோ என்ற சின்னக் கிடங்கு இருக்கிறது. 25 நிரம்பியதும் மூளையை எழுப்பு என்று வைத்திருந்தேன். அடிக்கடி எழுப்பாமல் மின்சாரம் மிச்சமாகட்டும் என்று. மீதி இடம் 7 அளவீடு, அதாவது 140 மில்லி விநாடி. ஆனால் எஸ்டி கார்டு ஒரு தொகுதியை எழுத 250 மில்லி விநாடி வரை எடுத்துக்கொள்ள அதன் விதிமுறையே இடம் தருகிறது. பெரும்பாலும் சில மில்லி விநாடியில் முடித்துவிடும். திடீரென்று ஒரு முறை உள்ளே வீடு கூட்டிப் பெருக்க உட்கார்ந்துவிடும். அந்த நேரத்தில் கிடங்கு நிரம்பி வழிந்து, தொகுதிக்கு வந்து சேரும் முன்பே அளவீடு போய்விடுகிறது. என் வரிசை எண் வாசலில் காவல் நின்றது. திருட்டு கொல்லைப்புறத்தில் நடந்தது. 25-ஐ 12 ஆக்கினேன். இப்போது 20 அளவீடு, 400 மில்லி விநாடி இடம். கூடவே கிடங்கு வழிந்தால் சிப்பே தூக்கும் கொடியைத் தலைப்புத் தொகுதியில் எழுதினேன். அதன் பிறகு ஒரு முறைகூட அந்தக் கொடி ஏறவில்லை.

ஆனாலும் மணிக்கு 1,80,000 வரவில்லை. இப்போது 1,71,360-ஐ ஒட்டியே நின்றது, எந்த மணியிலும் பெரிதாக ஆடவில்லை. பற்றாக்குறை மணிக்கு மணி மாறினால் அளவீடு தொலைகிறது. மாறாமல் நின்றால் கடிகாரம்தான் பொய் சொல்கிறது. சென்சார் சிப்புக்குள் இருக்கும் கடிகாரம் துல்லியத்துக்காகச் செய்ததல்ல. 50 ஹெர்ட்ஸ் என்று நான் கேட்டேன், அது 47.6 தந்தது. இதைக் கவனிக்காமல் 50 என்றே நம்பியிருந்தால் ஏழு நாள் பதிவு 6 நாள் 16 மணியாகச் சுருங்கி, ஏழாவது நாள் காலை நடை முந்தின நாள் இரவில் போய் விழுந்திருக்கும். டிஎஸ்3231 சாதாரண அறை வெப்பத்தில் பத்து லட்சத்துக்கு இரண்டு பங்குக்கு மேல் தவறாது, வாரத்துக்கு 1.2 நொடி. ஆகவே தலைப்புத் தொகுதி நேரங்களை ஆணியாக அடித்து, நடுவிலிருக்கும் அளவீடுகளைச் சமமாகப் பரப்பினேன். இன்னொரு சிப் போட்டுப் பார்த்தால் அதன் வேகம் வேறு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் அளக்க வேண்டும்.

நான்காவது: இரவில் பச்சை

இதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது.

அசைவை ஒரே எண்ணாக்க ஆராய்ச்சியில் பரவலாகப் புழங்கும் எளிய வழி ஒன்று உண்டு. வின்சென்ட் வான் ஹீஸும் சக ஆய்வாளர்களும் 2013-இல் எழுதிய கட்டுரையில் அலசப்பட்டது. மூன்று அச்சையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, புவியீர்ப்புக்காக 1 ஜி கழிக்க வேண்டும். எதிர்மறை வந்தால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். சும்மா இருக்கும் கைக்கு பூஜ்யம், நடக்கும் கைக்கு நூறு மில்லி-ஜியை ஒட்டி. (மில்லி-ஜி என்பது புவியீர்ப்பின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மி.ஜி. என்று சுருக்கினால் மாத்திரைக் கணக்கு மாதிரி ஆகிவிடுகிறது, அதனால் முழுதாகவே எழுதுகிறேன்.) 40-க்குக் கீழ் ஓய்வு, 40 முதல் 100 வரை லேசான அசைவு, அதற்கு மேல் மிதமான உழைப்பு என்று வைத்து, லேசான அசைவுக்குப் பச்சை வண்ணம் கொடுத்தேன்.

முதல் இரவின் வரைபடத்தில், நள்ளிரவு 2 மணியிலிருந்து 3.40 வரை ஒரே பச்சை. 46 மில்லி-ஜி. பிறகு சட்டென்று பூஜ்யம். விடியற்காலையில் மறுபடி பச்சை. புரண்டு படுத்திருப்பேன் என்று முதலில் நினைத்தேன். கனவுகூடக் காரணமாகத் தோன்றியது. மூன்றாவது இரவிலும் அதேதான் வந்தபோது அந்தப் பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி இருந்தது. உயிருள்ள கை எதுவும் அப்படியொரு கோடு போடாது. அசையும் கை நடுங்கும், ஏறி இறங்கும். இது அசையாத கைதான். கருவிதான் அதை அசைகிறது என்கிறது.

பட்டையைக் கழற்றி மேசையில் நிமிர்த்தி வைத்தேன்: 1.046 ஜி. கவிழ்த்தேன்: 0.978. விஷயம் விளங்கிவிட்டது. பூமி இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் இழுக்கிறது. மேல்-கீழ் அச்சின் பூஜ்யம் 0.034 தள்ளி இருக்கிறது. உள்ளங்கை கீழே பார்க்கப் படுத்தால் 46 மில்லி-ஜி அசைவு. மேலே பார்க்கப் படுத்தால் கழித்தல் 22, அது பூஜ்யமாக்கப்பட்டு அமைதியான உறக்கமாகிவிடுகிறது. நான் எந்தப் பக்கம் கையை வைத்துத் தூங்கினேன் என்பதைத்தான் இத்தனை நாளாக உழைப்பு என்று வரைந்துகொண்டிருந்தேன். எதிர்மறையைப் பூஜ்யமாக்குவதில் இருக்கும் வம்பு இது: தப்பில் பாதி ஓய்வு வேடம் போட்டு ஒளிந்துகொள்கிறது, மீதிப் பாதிதான் கண்ணில் படுகிறது.

சிப் பழுதில்லை. 40 மில்லி-ஜி வரை பூஜ்யம் தள்ளியிருப்பது சகஜம் என்று டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. நான்தான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

சரிசெய்ய ஆறு முகம். பட்டையை ஒரு மரக்கட்டையில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, ஒவ்வொரு முகமாக ஒரு நிமிடம் நிறுத்தினேன். அச்சுக்கு இரண்டு எண்: மேலே பார்த்தது, கீழே பார்த்தது (இது எதிர்மறைக் குறியோடு). இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் பூஜ்யத்தின் நகர்வு. கழித்துப் பாதியாக்கினால் அளவுகோலின் நீளம். மேல்-கீழ் அச்சுக்கு 0.034, 1.012 வந்தது. மற்றொன்றுக்கு கழித்தல் 0.007, 0.998, அதாவது அது யோக்கியம். கட்டை சரியான செங்கோணம் இல்லையே என்று மூலைமட்டம் வைத்துக்கொண்டு ஒரு நாள் கவலைப்பட்டேன். தேவையே இல்லை. 5 டிகிரி சாய்ந்தாலும் 4 மில்லி-ஜிதான் குறையும்.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை. மேசையில் 24 டிகிரி, தோல்மேல் 33. இந்தச் சிப்பில் டிகிரிக்கு அரை மில்லி-ஜி பூஜ்யம் நகரக்கூடும், ஆக 4, 5 மில்லி-ஜி மறுபடி உள்ளே வந்துவிடும். இதற்கு வான் ஹீஸ் குழுவினர் 2014-இல் ஒரு அழகான வழி சொன்னார்கள்: கட்டியிருந்த பதிவையே வைத்துத் திருத்துவது. ஒரு வாரத்தில் கை அசையாமல் கிடந்த பத்துப் பத்து நொடித் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அவை எல்லாம் 1 ஜி ஆரமுள்ள கோளத்தின்மேல் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால், உட்காரும்வரை பூஜ்யத்தையும் அளவுகோலையும் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு அச்சிலும் கூட்டல் 0.3, கழித்தல் 0.3 இரண்டையும் தாண்டிய புள்ளிகள் இருந்தால்தான் நம்பலாம். எனக்கு ஓர் அச்சில் ஒரு பக்கம் புள்ளி கம்மி. கட்டும் முன்பே பட்டையை ஆறு முகத்திலும் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தேன், குறை தீர்ந்தது. கோளத்திலிருந்து சராசரி விலகல் 28-லிருந்து 4 மில்லி-ஜிக்கு இறங்கியது. நாளுக்கு 6 மணி 10 நிமிடமாக இருந்த என் லேசான அசைவு 3 மணி 25 நிமிடமாகச் சுருங்கியது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

கழற்றினேனா, தூங்கினேனா

குளிக்கக் கழற்றி மேசையில் வைத்த பட்டையும் ஆழ்ந்த உறக்கத்தில் கிடக்கும் கையும் சென்சாருக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று அச்சில் குறைந்தது இரண்டில் ஆட்டம் 13 மில்லி-ஜிக்குக் கீழ் ஒரு மணி நேரம் இருந்தால் கழற்றப்பட்டது என்று கொள்வது ஒரு வழக்கமான விதி. எனக்கு அவசரம்; ஒரு மணியைப் பத்து நிமிடமாக்கினேன். விளைவு, இரவில் பாதி நேரம் நான் கட்டிலிலேயே இல்லை. திரும்ப ஒரு மணிக்கே வந்தேன்.

கைகொடுத்தது வெப்பநிலை. நேரச் சிப்பில் வெப்பமானியும் இருக்கிறது. துல்லியம் சுமார்தான், ±3 டிகிரி. ஆனால் எனக்கு வேண்டியது அளவல்ல, சரிவு. கழற்றிய பத்து நிமிடத்தில் கோடு தெளிவாக இறங்குகிறது. தோலும் அறையும் ஒரே சூட்டில் இருக்கும் நாளில் இதுவும் கையை விரித்துவிடும். இன்னொரு வேடிக்கை: கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போன நாற்பது நிமிடம் அசைவாகவே பதிவானது.

அடி எண்ணும் கதை

கையில் அழுத்தி எண்ணும் கருவியோடு 500 அடி நடந்தேன். ஒரே அச்சை மட்டும் பார்த்த என் முதல் நிரல் 253 என்றது. பாதி! கை ஒரு முறை முன்னும் பின்னும் வீசி முடிப்பதற்குள் கால் இரண்டு அடி வைத்துவிடுகிறது. நான் எண்ணியது கைவீச்சை. மூன்று அச்சையும் சேர்த்த அளவில் உச்சிகளை எண்ணியதும் 487 வந்தது. அப்புறம் கையைப் பாக்கெட்டில் விட்டு 500: எண்ணியது 211. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு 500: வெறும் 96. இரண்டு நிமிடம் பல் தேய்த்ததற்கு 140 அடி. அதே கருவியை இடுப்பில் மாட்டியபோது நடை எல்லாமே 490-க்கு மேல். மணிக்கட்டைத் தேர்ந்தெடுப்பது மனிதர்கள் அதைக் கழற்றாமல் கட்டியிருப்பார்கள் என்பதற்காகத்தான், அடியை அது நன்றாக எண்ணும் என்பதற்காக அல்ல.

சைக்கிளில் நிலைமை இன்னும் மோசம். மூச்சிரைக்க மிதித்த அரை மணி நேரமும் மணிக்கட்டில் ஓய்வு வண்ணம். ஒரு சனி, ஞாயிறு மட்டும் தொடையில் கட்டிப் பார்த்தேன். மிதிப்பது வட்ட வட்டமாக வந்தது. அதைவிட, உட்கார்ந்தால் தொடை கிடையாக, நின்றால் செங்குத்தாக. ஒரே கோணத்தில் விஷயம் முடிந்தது. மணிக்கட்டில் இதற்காக ஒரு மாதம் மண்டையை உடைத்திருக்கிறேன். உட்காரும் நேரத்தை அளப்பவர்கள் ஆக்டிவ்பால் என்ற கருவியைத் தொடையில் ஒட்டுவது ஏன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த முறை

எலாஸ்டிக் பட்டையை இன்னும் இறுக்கமாகத் தைக்க வேண்டும். தளர்வாக இருந்தால் பெட்டி தனியாகக் குதிக்கிறது, அந்தக் குதிப்பும் என் கணக்கில் சேருகிறது. சுடு பசை போட்டு மூடிய பெட்டிக்குள் வியர்வை ஈரம் புகுந்து ஒரு முறை கார்டு முனைகள் பச்சை பூத்துவிட்டன. இனி சிலிக்கோன் வளையம் வைத்த மூடிதான். பேட்டரி 150-லிருந்து 200-க்குப் போகலாம், தடிமன் அவ்வளவாக அதிகரிக்காது.

கடைசியாக ஒன்று. நல்லபடியாக முடிந்த இந்த ஏழு நாள் பதிவிலும் நான்காம் நாளிலிருந்து இரண்டு அச்சுகளின் குறி தலைகீழாக இருந்தது. குளித்து வந்து பட்டையைத் திருப்பிக் கட்டியிருக்கிறேன். கணக்கில் திருத்திவிட்டேன். இப்போது பெட்டியின் மூடியில் விரல் பக்கம் பார்க்க ஓர் அம்புக்குறி, அழியாத மையில்.